மடியில் ஒரு கிட்டார், கையில் 1,500 ரிங்கிட்

கிட்டார் என்றதும் தோளில் தொங்கும் வாத்தியம்தான் நம் கண்முன் வரும். அதே வாத்தியத்தை மல்லாக்க மடியில் கிடத்தி, விரலால் தந்தியை அழுத்தாமல், ஓர் இரும்பு உருளையைத் தந்திகளின் மேல் வழுக்கிக்கொண்டு போனால் முற்றிலும் வேறொரு குரல் கேட்கும். ஒரு சுரத்திலிருந்து அடுத்த சுரத்துக்குப் படி ஏறாமல் இழைந்து போகும் குரல் அது. பழைய இந்திப் படப் பாடல்களின் இடையிசையில் கேட்டிருப்பீர்கள். நம் பெரியவர்கள் அதை ஹவாயன் கிட்டார் என்பார்கள். இன்று அதன் பெயர் லேப் ஸ்டீல் கிட்டார்.

இந்த வாத்தியத்தைக் குறைந்த செலவில் வாங்கி மேடையில் வாசிக்க முடியுமா என்ற கேள்வி, சில மாதங்களுக்கு முன் எங்கள் இசைக்குழுவுக்குள் ஒரு சிறிய பூசலையே உண்டாக்கியது.

நாங்கள் ஐந்து பேர். வார நாட்களில் ஒருவர் கணக்காய்வாளர், ஒருவர் ஆசிரியர், ஒருவர் கிடங்கு மேற்பார்வையாளர். வார இறுதிகளில் கிள்ளான் பள்ளத்தாக்கில் திருமண விருந்து, நிறுவனங்களின் ஆண்டு விருந்து, கோயில் திருவிழா என்று வாசிக்கப் போவோம். கிடைக்கும் சம்பளத்தில் ஒரு பங்கைப் பொதுப் பணமாகச் சேர்த்து வைப்போம். அதில் அப்போது இருந்தது 1,500 ரிங்கிட். டிரம்ஸ் வாசிக்கும் நண்பருக்கு விரிசல் விட்ட சிம்பலை மாற்ற வேண்டும். பாடகிக்கு நல்ல மைக் வேண்டும். இந்த நேரத்தில்தான் மூன்று மாதம் கழித்து நடக்கவிருந்த ஒரு திருமணத்துக்கு மணப்பெண்ணின் தம்பி எங்களை அழைத்தார்.

“அண்ணே, எங்க தாத்தா அந்தக் காலத்துல தோட்டத்து இசைக்குழுவுல ஹவாயன் கிட்டார் வாசிச்சவரு. இப்ப கை நடுங்குது, வாசிக்க முடியல. ஒரு பாட்டுக்காவது அந்தச் சத்தம் கேட்டா சந்தோஷப்படுவாரு” என்றார்.

கீபோர்டில் அந்த ஒலி இருக்கிறது. எங்கள் கீபோர்டு தம்பி அதை வாசித்தும் காட்டினார். சுரங்கள் சரியாக இருந்தன. ஆனால் இழைவு இல்லை. ஒவ்வொரு சுரமும் தனித்தனியாகப் பிறந்து தனித்தனியாக இறந்தது. “ஒரு பாட்டுக்காக 1,500 வெள்ளியா?” என்று டிரம்ஸ் நண்பர் கேட்டதும் நியாயமே. கடைசியில் ஓர் உடன்பாட்டுக்கு வந்தோம்: எல்லாச் செலவும் 1,500-க்குள் முடிய வேண்டும், வாங்கிய பிறகு ஒவ்வொரு நிகழ்ச்சியிலும் குறைந்தது நான்கு பாடல்களுக்காவது அது பயன்பட வேண்டும். தேடும் பொறுப்பு கிட்டார் வாசிக்கும் என் தலையில் விழுந்தது.

மூன்று மாதத் தேடலில் நான் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன். குழுவுக்காக வாங்க நினைப்பவர்களுக்கும், பிள்ளைக்கு வாங்கித் தரலாமா என்று யோசிக்கும் பெற்றோருக்கும் இது உதவும்.

வீணைக்கு ஒரு தூரத்து உறவு

1880களின் பிற்பகுதியில் ஹவாயின் ஓவாஹு தீவில் ஜோசப் கெகுகு என்ற மாணவர் ஓர் உலோகத் துண்டைக் கிட்டார் தந்திகளின் மேல் வழுக்கி வாசிக்கும் முறையை வளர்த்தெடுத்தார் என்பதே பரவலாக ஏற்கப்பட்ட வரலாறு. அதே காலத்தில் ஹவாயில் வாழ்ந்த, இந்தியாவில் பிறந்த கேப்ரியல் டேவியன் என்பவர் முன்னோடி என்று சொல்வோரும் உண்டு. 1915-ல் சான் பிரான்சிஸ்கோவில் நடந்த உலகக் கண்காட்சி, ஹவாய் இசையை அமெரிக்கா முழுவதும் கொண்டு சேர்த்தது. பின்னர் ஆசியாவெங்கும் சுற்றிவந்த டாவ் மோ குடும்பத்தார் 1940களில் கல்கத்தாவில் தங்கி வாசித்தார்கள், கற்றும் கொடுத்தார்கள். வட இந்தியாவில் இந்தக் கிட்டார் வேர்விட அதுவும் ஒரு காரணம். பிற்காலத்தில் பிரிஜ் பூஷண் காப்ரா, விஷ்வ மோகன் பட், தேபாஷிஷ் பட்டாச்சாரியா ஆகியோர் இதில் முழு இந்துஸ்தானி ராகத்தையே வாசித்துக் காட்டினார்கள்.

ஆனால் நமக்கு இந்த ஒலி கடல் கடந்து வந்த புதுமை அல்ல. மெட்டுகள் இல்லாத வீணையைத் தரையில் கிடத்தி, கருங்காலிக் கட்டையைத் தந்தியின் மேல் நகர்த்தி வாசிக்கும் கோட்டுவாத்தியம் நம்மிடம் உண்டு. திருவிடைமருதூர் சகாராம ராவ், பூதலூர் கிருஷ்ணமூர்த்தி சாஸ்திரிகள் போன்றோர் அதில் புகழ்பெற்றவர்கள். கமகத்துக்குப் பழகிய நம் காதுக்கு லேப் ஸ்டீல் உடனே பிடித்துப்போவது அதனால்தான்.

மின்சாரக் கிட்டாரின் கதையும் இந்த மடிக் கிட்டாரிலிருந்துதான் தொடங்குகிறது. நடனக் கூடங்களில் மற்ற வாத்தியங்களுக்கு நடுவே ஹவாயன் கிட்டாரின் ஒலி அமுங்கிப்போனது. அதற்குத் தீர்வாக ஜார்ஜ் போஷாம்ப், அடால்ஃப் ரிக்கன்பேக்கர் ஆகியோர் உருவாக்கி 1932-ல் விற்பனைக்கு வந்ததுதான், ‘வாணலி’ என்ற பொருளில் ‘ஃப்ரையிங் பேன்’ என்று செல்லப்பெயர் பெற்ற லேப் ஸ்டீல். வணிக ரீதியாகத் தயாரிக்கப்பட்ட முதல் மின்சாரக் கிட்டார்களில் அதற்கே முதலிடம் தருகிறார்கள். ஆக, குழுவோடு சேர்ந்து மேடையில் கேட்க வேண்டும் என்ற தேவைக்காகவே பிறந்தது மின்சார லேப் ஸ்டீல்.

இதில் மலிவு ஏன் குறையல்ல?

சாதாரணக் கிட்டாரை மலிவாக வாங்கினால் என்னென்ன தொல்லை வரும் என்று கிட்டார் பழகிய எல்லாருக்கும் தெரியும். கழுத்து வளையும். வீணையில் மெட்டு என்கிறோமே, அதுபோன்ற ஃப்ரெட் கம்பிகள் மேடும் பள்ளமுமாக இருக்கும். தந்தி உயரமாக நின்று விரல் நோகும். ஒரு கிட்டாரின் விலையில் பெரும்பங்கு இவற்றைச் சரியாகச் செய்வதற்கான கைவேலைக்கே போகிறது.

லேப் ஸ்டீலில் இவை எதுவும் இல்லை. உருளை தந்தியைத் தொடுகிறதே தவிர, பலகையில் அழுத்துவதில்லை. ஃப்ரெட் கம்பிக்குப் பதிலாக வெறும் கோடுகள் மட்டும். கழுத்தைக் கையால் பிடிப்பதில்லை என்பதால் அது எவ்வளவு தடிமனாக இருந்தாலும் பரவாயில்லை. எனவே வளைவதும் அரிது. தந்தி உயரமாக இருக்கத்தான் வேண்டும். ஆக, மலிவுக் கிட்டாரைக் கெடுக்கும் காரணங்களில் பெரும்பாலானவை இந்த வாத்தியத்தில் பிறக்கவே வழியில்லை. ஒரு கெட்டியான மரப்பலகை, இரு முனையிலும் தந்தியைத் தாங்கும் இரண்டு மேடு, ஆறு முறுக்காணி, ஒரு பிக்கப், இரண்டு குமிழ். அவ்வளவுதான்.

பிங்க் ஃபிளாய்ட் குழுவின் டேவிட் கில்மோர் உலகின் மிகப் பெரிய மேடைகளில் வாசித்த லேப் ஸ்டீல்களில் ஒன்று, ஜெட்சன் என்ற மலிவு ரகம். பணம் இல்லாததால் அவர் அதை வைத்திருக்கவில்லை. வேலைக்கு அது போதுமானதாக இருந்தது.

இதிலிருந்து எனக்குக் கிடைத்த கணக்கு இதுதான். கையில் உள்ள பணம் முழுவதையும் கிட்டாரில் கொட்டக்கூடாது. பாதிக்கும் குறைவாகக் கிட்டாருக்கு ஒதுக்கி, மீதியை உருளை, தந்தி, ஒலி பெடல், தாங்கி ஆகியவற்றுக்கு வைக்க வேண்டும். மேடையில் உங்களைக் காப்பாற்றுவது அவைதான்.

எந்த வகை?

சந்தையில் மூன்று அடுக்குகள் இருக்கின்றன. ரோக், எஸ்.எக்ஸ். போன்றவை தொடக்க நிலை. கிரெட்ச் எலெக்ட்ரோமேட்டிக் போன்றவை நடுநிலை. ஆஷர், டூசன்பெர்க் போன்றவை தொழில்முறைக் கலைஞர்களுக்கு. நம் ஊர்க் கடைகளில் இவற்றைச் சுவரில் மாட்டி வைத்திருப்பதைக் காண்பது அபூர்வம். சொல்லி வரவழைக்க வேண்டும், அல்லது பழையதைத் தேட வேண்டும். வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் அஞ்சல் செலவையும் வரியையும் சேர்த்தே விலை பாருங்கள்.

மரப்பெட்டி போன்ற உடலுள்ள வைசன்போர்ன், நடுவில் உலோகத் தட்டுள்ள டோப்ரோ இரண்டும் கேட்க மிக இனிமையானவை. ஆனால் டிரம்ஸும் ஒலிபெருக்கியும் அதிரும் திருமண மண்டப மேடையில் அவற்றின் உடலே ஒலியை வாங்கித் திருப்பி அனுப்பி ஊளையிடத் தொடங்கிவிடும். குழுவோடு வாசிக்க என்றால் கெட்டிப் பலகையுள்ள மின்சார வகையே பாதுகாப்பு.

ஆறு தந்தியா, எட்டா என்றால், ஆறே போதும். எட்டுத் தந்தியில் கூடுதல் சுரக்கூட்டுகள் கிடைக்கும்; ஆனால் விலையும் கூடும், வேண்டாத தந்தியை அடக்கும் வேலையும் கூடும். காலால் மிதித்துச் சுருதி மாற்றும் பெடல் ஸ்டீல் என்பது தனி வாத்தியம். விலையும் பாரமும் வேறு உலகம்.

நீளத்தையும் கவனியுங்கள். இரு மேடுகளுக்கும் இடையிலான தந்தி நீளம் பல லேப் ஸ்டீல்களில் 22.5 அங்குலம். சாதாரண மின்சாரக் கிட்டார்கள் பலவற்றில் 25.5 அங்குலம். நீளம் குறைவானால் கோடுகள் நெருங்கி வரும். உருளையைச் சாய்த்து வாசிப்பது எளிது. ஆனால் அதே தந்தியை அதே சுருதியில் கட்டினால் இழுவிசை ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் குறைந்து தொளதொளக்கும். ஆகவே சற்றுத் தடித்த தந்தி போட வேண்டும். கடையில் கட்டியிருக்கும் தந்தியை வைத்து வாத்தியத்தை எடைபோடாதீர்கள்.

அளவுநாடாவோடு போங்கள்

பழைய லேப் ஸ்டீல் ஒன்றைப் பார்க்க நான் ஈப்போவுக்குப் போனபோது சட்டைப்பையில் வைத்திருந்தவை ஓர் அளவுநாடாவும் ஓர் இரும்பு உருளையும். விற்றவர் சிரித்தார். ஆனால் அந்த இரண்டும் இருந்தால் பத்து நிமிடத்தில் ஒரு லேப் ஸ்டீலின் குணம் தெரிந்துவிடும்.

முதலில் நீளம். தலைப்பக்க மேட்டிலிருந்து 12-ஆம் கோடு வரை அளக்க வேண்டும். பிறகு 12-ஆம் கோட்டிலிருந்து கீழ்ப்பக்க மேடு வரை. இரண்டும் சமமாக இருக்க வேண்டும். 22.5 அங்குல வாத்தியத்தில் ஒவ்வொன்றும் 11.25 அங்குலம். முதல் கோடு தலைப்பக்க மேட்டிலிருந்து சுமார் 32 மில்லிமீட்டரில் இருக்கும். கோடுகள் தப்பாக அச்சாகியிருந்தால், கண்ணை நம்பி வாசிப்பவர் மேடையில் அபசுரத்தில்தான் நிற்பார்.

இரண்டாவது, தந்திகளின் மட்டம். உருளையை ஐந்தாம் கோட்டின் மேல் வைத்து, பக்கவாட்டில் குனிந்து பாருங்கள். ஆறு தந்தியும் உருளையைத் தொட வேண்டும். எங்காவது வெளிச்சம் தெரிந்தால் அந்தத் தந்தி தாழ்ந்திருக்கிறது, அது கரகரக்கும். சாதாரணக் கிட்டாரின் மேடு சற்று வளைந்திருக்கும். இதில் தட்டையாக இருக்க வேண்டும். மலிவு ரகங்களில் அதிகம் காணப்படும் குறை இதுதான். நல்லவேளையாக, அரத்தால் பள்ளத்தைச் சீராக்கினால் தீர்ந்துவிடும் குறையும் இதுதான். விலை பேசும்போது இதைக் காட்டிக் கொஞ்சம் குறைக்கச் சொல்லலாம்.

மூன்றாவது, முறுக்காணி. சுருதி சேர்த்துவிட்டு ஒவ்வொரு தந்தியையும் விரலால் பத்து முறை நன்றாக இழுத்துவிடுங்கள். மறுபடி சுருதி பாருங்கள். புதுத் தந்தி என்றால் கொஞ்சம் இறங்கும்; அது இயல்பு. மூன்றாம், நான்காம் முறையும் இறங்கினால் முறுக்காணியைச் சந்தேகப்படுங்கள்.

நான்காவது, இரைச்சல். ஒலிபெருக்கியில் இணைத்து, வாசிக்காமல், ஒலிக்குமிழை முழுதாகத் திருப்புங்கள். ஒற்றைச் சுருள் பிக்கப் கொஞ்சம் ‘ம்ம்’ என்று முனகும். நம் திருமண மண்டபங்களில் எல்.இ.டி. திரையும், மங்கிப் பிரகாசிக்கும் அலங்கார விளக்குகளும் மேடைக்கு இரண்டடி தூரத்தில் இருக்கும். அங்கே அந்த முனகல் ரீங்காரமாகிவிடும். இரட்டைச் சுருள் கொண்ட ஹம்பக்கர் பிக்கப் இந்த இரைச்சலைப் பெருமளவு தானே அடித்துவிடும். ஒற்றைச் சுருளின் ஒலி தெளிவானது, இனிமையானது. வீட்டில் வாசிக்க அதையே எடுப்பேன். ஆனால் மண்டபத்துக்கு ஹம்பக்கரைத்தான் தேடினேன்.

ஐந்தாவது, குமிழ் எங்கே இருக்கிறது? லேப் ஸ்டீல் வாசிப்பவர்கள் தந்தியை மீட்டியபடியே வலது கைச் சுண்டுவிரலால் ஒலிக்குமிழைத் திருப்புவார்கள். சத்தம் இல்லாமல் தொடங்கி மெல்ல மலரும் அந்த ஒலி அப்படித்தான் பிறக்கிறது. குமிழ் சுண்டுவிரலுக்கு எட்ட வேண்டும்; இறுக்கமில்லாமல், கரகரப்பில்லாமல் திரும்ப வேண்டும்.

எத்தனை கட்டை?

லேப் ஸ்டீலில் எந்தச் சுருதி அமைப்பைக் கட்டுவது என்பது வாங்குவதற்கு முன்பே முடிவு செய்ய வேண்டியது. தந்தியின் தடிமன் அதைப் பொறுத்தது. நம் வழக்கில் சொன்னால் புரிவது எளிது.

ஓப்பன் டி என்ற அமைப்பில் ஆறு தந்திகளும் டி, ஏ, டி, எஃப் ஷார்ப், ஏ, டி. அதாவது இரண்டு கட்டை சுருதியில் ச, ப, ச, க, ப, ச. உருளையை நேராக வைத்தால் எந்தக் கோட்டிலும் ஒரு முழு மேஜர் சுரக்கூட்டு கிடைக்கும். எங்கள் பாடகி ஐந்து கட்டையில் பாடினால் ஐந்தாம் கோடு. ஐந்தரையில் பாடினால் ஆறாம் கோடு. பஜனைப் பாடல்களுக்கும் எளிய மெல்லிசைக்கும் இது வெகு பொருத்தம். ஒரே சிக்கல், அந்தக் காந்தாரம். சாதாரண காந்தாரம் வரும் ராகத்தில், மைனர் பாடல்களில், அந்தத் தந்தியைத் தொடாமல் மற்றவற்றில் மட்டும் வாசிக்கப் பழக வேண்டும்.

சி6 என்ற அமைப்பில் சி, இ, ஜி, ஏ, சி, இ. பழைய ஹவாய் இசையின் மணம் இதில்தான் இருக்கிறது. தடித்த மூன்று தந்திகளில் சி மேஜர், மெல்லிய மூன்று தந்திகளில் ஏ மைனர் என ஒரே கோட்டில் இரண்டும் கிடைக்கும். மேஜரும் மைனரும் மாறி மாறி வரும் திரைப் பாடல்களுக்கு இது கைகொடுக்கும். பழக நாள் பிடிக்கும்.

மூன்று மாதமே இருந்ததால் நான் ஓப்பன் டி-யில் தொடங்கினேன். பயிற்சிக்குத் தம்புரா ஒலிக்கும் கைப்பேசிச் செயலி போதும். ஃப்ரெட் கம்பி நம்மைத் திருத்தாது. காதுதான் திருத்த வேண்டும். உருளையின் நடுப்பகுதி கோட்டுக்கு நேர் மேலே நிற்க வேண்டும், கண்ணும் நேர் மேலிருந்து பார்க்க வேண்டும். சாய்ந்து பார்த்தால் கோடு இடம் மாறித் தெரியும். கர்நாடக சங்கீதம் கொஞ்சம் கற்ற பிள்ளைகளுக்கு இது நம்மைவிடச் சீக்கிரம் வந்துவிடும்.

மேடை வேறு, வீடு வேறு

வீட்டில் மடியில் வைத்து வாசிக்கலாம். மேடையில் எல்லாரும் நிற்க, நீங்கள் மட்டும் உட்கார்ந்தால் முன்வரிசைக்குத் தலைமுடி மட்டும்தான் தெரியும். பாடல் முடிந்ததும் சாதாரணக் கிட்டாருக்கு மாறுவதும் சிரமம். பழைய கீபோர்டு தாங்கி ஒன்றின் மேல் தடித்த ரப்பர் விரித்து லேப் ஸ்டீலை வைத்துவிட்டால் நின்றபடியே வாசிக்கலாம். குறுக்காக வழுக்காதபடி பட்டையால் கட்டிவிடுங்கள்.

மங்கலான மேடையில் கோடுகள் தெரியாது. 5, 7, 12-ஆம் கோடுகளின் ஓரத்தில் வெள்ளை நாடா ஒட்டிக்கொண்டால் கவலையில்லை.

அடுத்தது வெப்பம். ஃப்ரையிங் பேன் கிட்டாரின் உடல் அலுமினிய வார்ப்பு. மேடை விளக்கின் சூட்டில் விரிந்து சுருதி விலகியது அதன் பெரிய குறையாகச் சொல்லப்பட்டது. நமக்கு எதிர்ப்பக்கத்திலிருந்து வருகிறது ஆபத்து. வெயிலில் நின்ற காரிலிருந்து எடுத்து, குளிரூட்டிய மண்டபத்தில் வைத்தால் தந்தி குளிர்ந்து சுருங்கிச் சுருதி ஏறும். அரை மணி நேரம் முன்பே பெட்டியைத் திறந்து வைத்துவிட்டு, பிறகு சுருதி சேருங்கள்.

ஒலி பெடல் வாங்கும்போது ஒன்றை மட்டும் கேளுங்கள். பேட்டரி இல்லாத சாதாரணப் பிக்கப்புக்கு 250 கிலோ ஓம் அல்லது அதற்கு மேற்பட்ட பெடல் வேண்டும். கீபோர்டுக்கான 25 கிலோ ஓம் பெடலில் செருகினால் ஒலி மந்தமாகிவிடும். அதேபோல், கிட்டாரை நேராக மண்டபத்து மிக்சரில் செருகாமல், இடையில் டி.ஐ. பெட்டி ஒன்றை வையுங்கள். நீளக் கம்பியில் வரும் இரைச்சல் குறையும்.

உருளை பற்றி ஒரு சொல். பக்கவாட்டில் விரல் பதியப் பள்ளம் உள்ள உருளை, தந்தியிலிருந்து தூக்கி வைத்து வாசிப்பவர்களுக்கு வசதி. முனை உருண்ட தோட்டா வடிவம் இழைத்து வாசிப்பவர்களுக்கு வசதி. எதுவானாலும் கனம் இருக்க வேண்டும். கனமில்லாத உருளையில் ஒலி மெலிந்து கரகரக்கும். அதைச் சரிசெய்யக் கை அழுத்தும். அழுத்தினால் சுருதி ஏறும்.

எங்கள் கணக்கு

உடன்பாட்டின்படி குழுவிடம் நான் ஒப்படைத்த செலவு இது. ஹம்பக்கர் உள்ள, 22.5 அங்குல, ஆறு தந்திப் பழைய லேப் ஸ்டீல் 600 ரிங்கிட். மேட்டைச் சீராக்கவும் ஒலிக்குமிழை மாற்றவும் 90. தந்தி இரண்டு கட்டு 70. உருளை 130. கட்டைவிரல், விரல் மீட்டிகள் 30. பழைய ஒலி பெடல் 280. பழைய கீபோர்டு தாங்கி 80. கம்பி 40. டி.ஐ. பெட்டி 150. மொத்தம் 1,470 ரிங்கிட். மீதி 30 ரிங்கிட்டில் ஐந்து பேரும் தே தாரிக் குடித்தோம். டிரம்ஸ் நண்பர் இரண்டு குவளை குடித்தார். அவருடைய சிம்பல் இன்னும் விரிசலோடுதான் இருக்கிறது, அடுத்த முறை அவர் முறை.

அந்தத் திருமணத்தில் தாத்தாவை முன்வரிசையில் சக்கர நாற்காலியில் அமர்த்தியிருந்தார்கள். பாடல் முழுவதும் அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. இடது கையை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தார். இடைவேளையில் என்னை அழைத்தார். பாராட்டுவார் என்று எதிர்பார்த்தேன்.

“தம்பி, இரும்புக்குப் பின்னால இருக்குற விரலை ஏன் தூக்குற? அதைத் தந்தி மேல லேசா இழுத்துக்கிட்டே வா. பின்னாடி வர்ற சத்தம் அடங்கும்” என்றார். நடுங்கும் கையை நாற்காலியின் கைப்பிடியில் வைத்துச் செய்தும் காட்டினார். அந்த ஒரு நிமிடம் கை நடுங்கவில்லை என்று சொன்னால் கதையாகிவிடும், நடுங்கத்தான் செய்தது. ஆனால் மோதிர விரலும் சுண்டுவிரலும் இருக்க வேண்டிய இடத்தில் இருந்தன. இரண்டாம் பாதியில் அவர் சொன்னபடியே வாசித்தேன். ஒலி துடைத்துவிட்டது போல் இருந்தது. 600 ரிங்கிட் கிட்டாருக்கு அவர் செய்த அந்தத் திருத்தம், எந்த விலைக்கும் கடையில் கிடைக்காதது. இன்று எங்கள் நிகழ்ச்சிகளில் ஆறு பாடல்களில் லேப் ஸ்டீல் இருக்கிறது.

வாங்குவதற்கு முன்

இந்த வாத்தியம் உங்களுக்கு ஒத்துவருமா என்ற ஐயம் இருந்தால் 1,500 ரிங்கிட்டும் தேவையில்லை. வீட்டில் பழைய கிட்டார் ஒன்று சும்மா கிடக்கும். அதன் தலைப்பக்க மேட்டின் மேல் செருகித் தந்தியை உயர்த்தும் சிறிய உலோகத் துண்டு ஒன்று விற்கிறார்கள். நட் எக்ஸ்டென்டர் என்று கேளுங்கள். அதையும் ஓர் உருளையையும் வாங்கினால் அந்தக் கிட்டாரே மடிக் கிட்டாராகிவிடும். ஓப்பன் டி போல் தந்திகளைத் தளர்த்தும் அமைப்பையே அதில் கட்டுங்கள். டோப்ரோ கலைஞர்கள் கட்டும் ஜி, பி, டி அமைப்பு தடித்த தந்திகளை இறுக்குவது; சாதாரணக் கிட்டாரின் கழுத்து அதைத் தாங்காமல் போகலாம்.

மூன்று மாதம் அதில் பழகிப் பாருங்கள். அலுத்துப்போனால் அந்தத் துண்டைக் கழற்றிவிடலாம். கிட்டார் மறுபடி கிட்டாராகிவிடும். அலுக்கவில்லை என்றால், அளவுநாடாவை எடுத்துக்கொண்டு கிளம்பலாம். போகும் வழியில், உங்கள் குடும்பத்திலோ பக்கத்து வீட்டிலோ ஒரு காலத்தில் இதை வாசித்த பெரியவர் யாராவது இருக்கிறாரா என்றும் ஒரு வார்த்தை விசாரித்துப் பாருங்கள்.